காலி வண்டி என்று எழுதிக் கொடுத்தேன்

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்துப் போக்குவரத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களுக்காக நாலு வார்த்தை எழுதித் தரும்படி ஆபீசில் கேட்டார்கள். கேட்டவர்கள் மனதில் இருந்தது வேறு. நான் பொறுப்பில் இருந்தபோது மேல் டிவிஷன் கொழுந்து இரண்டு மணி நேரம் முன்னதாக பாக்டரிக்கு வந்து சேர வழி செய்தேன். அதற்காக எனக்கு ஒரு சால்வை போர்த்தி ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்தார்கள். அந்தக் கதையைச் சொல்லி உங்களை உற்சாகப்படுத்துவேன் என்று எதிர்பார்த்திருக்கிறார்கள். நான் சொல்லப்போவதும் அதே கதைதான், ஆனால் உங்கள் உற்சாகத்துக்கு நான் பொறுப்பில்லை. அந்த ஏற்பாட்டில் பேச்சிமுத்து என்கிற நிறுவைக்காரனுக்கு ஒரு கால் போனது. அவன் மகளுக்குப் படிப்பு போனது. இரண்டுக்கும் காரணம் நான்.

எடுத்த எடுப்பில் இப்படிச் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். சுற்றி வளைத்துச் சொன்னால், கடைசிப் பக்கம் வருவதற்குள் என்னை நானே காப்பாற்றிக்கொண்டு விடுவேன். அந்த வித்தையில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

மூணாற்றிலிருந்து இன்னும் மேலே ஏறிப் போகிற தோட்டம் எங்களுடையது. பாக்டரி கீழே. மேல் டிவிஷன் மலையின் உச்சியில், மேகம் எப்போதும் வீட்டுக்குள் வந்து போகிற இடத்தில். பறித்த கொழுந்து சாக்கில் அடைபட்டுக் கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும், சிவந்த கொழுந்தில் நல்ல தூள் வராது. நம் வேலையின் மொத்த ரகசியமும் அவ்வளவுதான். மீதியை உங்களுக்குக் கம்ப்யூட்டரில் படம் போட்டுக் காட்டுவார்கள். நீங்கள் அதை சப்ளை செயின் என்கிறீர்கள். நாங்கள் வண்டி ஓட்டம் என்போம்.

மேல் டிவிஷனுக்கு ஒரே ஒரு ஜீப். காலையில் பாக்டரியை விட்டுக் கிளம்பி, பஜார் வழியாகப் போய், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களைத் தாண்டி, உச்சியிலுள்ள நிறுவைக் கொட்டகையில் போய் நிற்கும். அங்கே பேச்சிமுத்து கொழுந்தை நிறுத்து ஏற்றிவிடுவான். ஜீப் அதே கரடுமுரடான பாதையில் குலுங்கிக் குலுங்கி இறங்கி வரும். சாயங்காலம் மறுபடியும் ஒரு நடை. கொழுந்து கீழே வந்து சேரும்போது பாதி சாக்குகளுக்குள் கையை விட முடியாது, அவ்வளவு சூடு.

அந்தச் சமயத்தில் மலையின் மறுபக்கம் ஒரு புதுப் பாதை வெட்டினார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை உதித்தது. நிறுவையை உச்சிக் கொட்டகையிலிருந்து எடுத்து மறுபக்கத் தேயிலைக் காட்டு ஓரத்துக்கு மாற்றிவிட்டால், லாரியே நேராக வந்து கொழுந்தை எடுத்துக்கொண்டு போய்விடும். பஜாரும் வேண்டாம், லயமும் வேண்டாம், ஜீப்பும் வேண்டாம். காகிதத்தில் கோடு போட்டுப் பார்த்தேன். அவ்வளவு அழகான கோடு என் வாழ்க்கையில் நான் போட்டதில்லை. இத்தனை வருஷமாக ஒரு ஜீப் தினமும் இரண்டு நடை காலியாக மலை ஏறிக்கொண்டிருந்ததே, இதை ஒருவரும் கவனிக்கவில்லையே என்று எனக்கு ஒரே பெருமை.

காலியாக ஏறியது என்றா சொன்னேன்? இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும்.

கம்பெனி வண்டியில் வெளிச் சாமான் எதுவும் ஏற்றக் கூடாது, வெளியாள் யாரையும் ஏற்றக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு உண்டு. ஒரு கேஸ் சிலிண்டரை ஏற்றியதற்காக ஒரு டிரைவருக்கு வேலை போயிருக்கிறது. ஆனாலும் எல்லா டிரைவர்களும் ஏற்றினார்கள். வேறு வண்டி ஏது? பஸ் பஜாரோடு நின்றுவிடும். வாடகை ஜீப் ஆள் நிறைந்தால்தான் கிளம்பும், அதற்கும் கூலியில் பாதியைக் கொடுக்க வேண்டும். ஆகவே ரேஷன் அரிசியும், ரிப்பேருக்குப் போன மிக்ஸியும், தபாலும், கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்தும் எல்லாம் கொழுந்து ஜீப்பில் காலிச் சாக்குகளுக்கு அடியில்தான் மேலே போகும். லாக் புத்தகத்தில் மட்டும் ‘காலி’ என்று இருக்கும்.

இது எனக்குத் தெரியாதா? நான் பிறந்ததே அந்த லயத்தில். பள்ளிக்கூடம் விட்டதும் அதே ஜீப்பில் காலிச் சாக்குகளின் மேல் படுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவன். எனக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு வந்தவன் இந்தப் பேச்சிமுத்து. இரண்டு பேரும் பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. நான் ஆபீசுக்குப் போனேன், அவன் நிறுவைக்குப் போனான். வழியில் எங்கே பார்த்தாலும் என்னை “ஏலே” என்றுதான் கூப்பிடுவான். பக்கத்தில் யார் இருந்தாலும் கவலைப்பட மாட்டான்.

என் யோசனையை மேனேஜர் ஒத்துக்கொண்டார். நேரில் போய்ப் பார்த்து ஓர் அறிக்கை கொடுக்கச் சொன்னார். உதவி மேனேஜரும் நானும் போனோம். உதவி மேனேஜரை இன்றும் எங்கள் ஆட்கள் சின்னத் தொரை என்றுதான் சொல்வார்கள். மலையாளி, கெட்டிக்காரர், வீண் அதட்டல் இல்லாதவர். கொட்டகையில் பேச்சிமுத்து தராசுப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். பத்தடி தள்ளி டிரைவர் சுடலை, சுத்தமாக இருந்த கண்ணாடியை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தான்.

நான் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டேன். பேனாவையும் திறந்தேன்.

“பேச்சிமுத்து, மேல வரும்போது வண்டியில என்ன வரும்?”

“ஒண்ணும் வராது சார். காலிச் சாக்குதான்.”

“வேற ஏதாவது?”

“வேற என்ன சார் வரப்போவுது? காலியாத்தான் வருது.”

சின்னத் தொரை என்னைப் பார்த்து, “அப்போ டவுட் ஒண்ணும் இல்லல்லோ?” என்றார். நான் “இல்லை சார்” என்றேன். ‘மேலே செல்லும்போது வண்டி காலி, நிறுவைக்காரரிடம் விசாரித்து உறுதி செய்யப்பட்டது’ என்று எழுதினேன்.

அவன் என்னை சார் என்று இரண்டு தடவை கூப்பிட்டான். பத்தாம் வகுப்புவரை கூடப் படித்தவன் சார் என்கிறானே என்று எனக்கு ஒரு கணம் உறுத்தத்தான் செய்தது. பக்கத்தில் தொரை நிற்கிறார், மரியாதைக்குச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். பொய் சொல்கிறான் என்று எனக்குத் தெரியும். ஏன் சொல்கிறான் என்பதும் தெரியும். அவன் உண்மையைச் சொன்னால் சுடலையின் வேலை அங்கேயே, அந்த நிமிஷமே போய்விடும். அந்தப் பொய் எனக்கு வசதியாக இருந்தது, எழுதிக்கொண்டேன். பிள்ளைகளே, நம் தொழிலில் இப்படித்தான் தப்பு நடக்கும். விசாரிக்காமல் செய்கிற தப்பை யாராவது பிடித்துவிடுவார்கள். விசாரித்து எழுதிவிட்ட தப்பைக் கண்டுபிடிக்க ஆளே கிடையாது.

ஒரு மாதத்தில் ஜீப் நின்றது. லாரி மறுபக்கமாக வந்து கொழுந்தை அள்ளிக்கொண்டு போனது. பாக்டரியில் தூளின் நிறம் மாறியது. சால்வை, கடிகாரம், கைதட்டல் எல்லாம் ஆயிற்று. சுடலையைக் கீழே வேறொரு டிவிஷன் வண்டிக்கு மாற்றினேன். உத்தரவை எழுதியதும் நான்தான்.

மேலே ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டு சமாளித்தார்கள். அரிசியைத் தலையில் சுமந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டமாகச் சேர்ந்து வாடகை ஜீப் பிடித்தார்கள். எங்கள் ஜனங்கள் எதையும் சமாளிப்பார்கள் என்று நான்கூடப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். மனிதர்கள் சமாளிக்கிறார்கள் என்று மேலிடத்துக்கு நல்ல செய்தியாக எழுதுகிறவனை நம்பாதீர்கள். எதை விட்டுக்கொடுத்துச் சமாளிக்கிறார்கள் என்று அவன் பார்த்திருக்க மாட்டான்.

பேச்சிமுத்துவுக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. மாத்திரையில் கட்டுப்படாமல் இன்சுலின் ஊசிக்கு வந்துவிட்ட வியாதி. அது தோட்டத்தில் சுடலை ஒருவனைத் தவிர யாருக்கும் தெரியாது. பதினைந்து நாளைக்கு ஒரு தடவை சுடலை பஜாரிலுள்ள அரசு சுகாதார நிலையத்தில் பேச்சிமுத்துவின் மருந்து நோட்டைக் காட்டி மருந்தை வாங்கி, ஒரு பிளாஸ்கில் ஐஸ் போட்டு வைத்து, மேலே கொண்டுபோய்க் கொடுப்பான். சீட்டுக்குப் பக்கத்தில் அந்த பிளாஸ்கை நானே பார்த்திருக்கிறேன். டீ என்று நினைத்தேன். டீத்தோட்டத்தில் பிளாஸ்கைப் பார்த்தால் வேறு என்ன நினைக்கத் தோன்றும்?

ஜீப் நின்றதும் பேச்சிமுத்து ஒரு நாள் லீவு போட்டு நடந்தே போய் மருந்து வாங்கி வந்தான். சுடலை தன் லீவில் இரண்டு தடவை வாங்கிக் கொடுத்தான், பிறகு அவனுக்கும் மேலே வர வழியில்லாமல் போயிற்று. அதற்குள் கொழுந்து பொங்கி வருகிற சீசன் வந்துவிட்டது. சாயங்காலம் நிறுவை முடியும்போது சுகாதார நிலையத்தைப் பூட்டியிருப்பார்கள். பகலில் போக வேண்டுமென்றால் லீவு வேண்டும்.

அவன் போனில் கூப்பிட்டு லீவு கேட்டான், என்னிடம்தான்.

“ஒரு நா லீவு வேணும்லே.”

“இப்பவா? எதுக்கு?”

“சும்மாதான், ஒரு சோலி இருக்கு.”

“சீசன்ல நிறுவைக்கு வேற ஆள எங்க போய்த் தேட? அடுத்த மாசம் பாக்கலாம்டா.”

“சரி” என்று போனை வைத்துவிட்டான். கெஞ்சவில்லை, கோபப்படவுமில்லை. நானும் அதோடு மறந்துபோனேன். அதன் பிறகு, இருக்கிற மருந்தைப் பாதிப் பாதியாகப் போட்டுக்கொண்டு ஓட்டியிருக்கிறான். கொஞ்ச நாளில் அதுவும் இல்லை.

அடுத்து மழை பிடித்தது. ரப்பர் கம்பூட்ஸ் உரசி அவன் இடது காலில் ஒரு புண். எங்கள் மலையில் மழைக்காலத்தில் காலில் புண் இல்லாதவர் யார்? அவனும் மஞ்சளை அரைத்துப் பூசிக்கொண்டு வேலைக்கு வந்திருக்கிறான். ஒரு காலையில் சுடலை என் ஆபீஸ் வாசலில் வந்து நின்றான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“அண்ணே, நேத்து நடந்தே மேல போயிப் பாத்தேன். பேச்சிமுத்துக்குக் காலு கருத்துப்போச்சு. பக்கத்துல நிக்க முடியல, அம்புட்டு வாடை. ஒரு வண்டி குடுங்கண்ணே.”

கொழுந்து லாரியை மேலே திருப்பிவிட்டேன். அதிலேயே அவனைக் கோட்டயம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. வழியெல்லாம் சுடலை எனக்கு இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தான், நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். பின்னால் பேச்சிமுத்து முனகுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அன்றைக்கு மட்டும் அந்தப் பாதை அவ்வளவு நீளமாக இருந்தது.

வீடு திரும்பிய பிறகு அவனைப் பார்க்கப் போனேன். போவதற்கு எனக்குப் பத்து நாள் பிடித்தது. அவன் மனைவி இறந்து வெகு காலமாயிற்று. மகள் சுகன்யா பாலக்காட்டில் விடுதியில் தங்கி பி.காம். இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். லீவு போட்டுவிட்டு வந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தண்ணீர் எடுக்க வெளியே போன நேரம் பார்த்துக் கேட்டேன்.

“ஏண்டா என்கிட்ட சொல்லல?”

“என்னன்னு சொல்லச் சொல்லுத? ஊசி போடுத அளவுக்கு சுகர்னு தெரிஞ்சா அன்ஃபிட்னு எழுதிருவாக. வேல போச்சுன்னா வீடு போச்சு. அவ படிப்பு முடியுத மட்டும் எப்படியாவது ஓட்டிரலாம்னு பாத்தேன்.”

“அன்னைக்குக் கொட்டகையில கேட்டேன்ல, வண்டியில என்ன வருதுன்னு. ஒரு வார்த்தை...”

அவன் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“தொரைய பக்கத்துல வச்சுக்கிட்டு, நோட்டையும் தொறந்து வச்சுக்கிட்டு கேக்கே. நான் என்ன சொல்லுவேன்? சுடலைக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குல்லா.” கட்டுப் போட்ட காலின் மேல் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டான். “நான் சொல்லித்தான் உனக்குத் தெரியணுமாலே? நீ பாத்து ஏதாவது செஞ்சிருவேன்னுதான் இருந்தேன்.”

அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. சுகன்யா தண்ணீர்க் குடத்தோடு வந்து, “டீ குடிச்சிட்டுப் போங்க சார்” என்றாள். அவசர வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். எனக்கு ஓர் அவசரமும் இல்லை. லயத்தைத் தாண்டியதும் தேயிலைக்குள் நின்று அழுதேன்.

மறுநாள் மேனேஜரிடம் போய், அந்த அறிக்கையில் நான் எழுதியது பொய், அது பொய் என்று தெரிந்தேதான் எழுதினேன் என்று சொன்னேன். அவர் கோப்பை எடுத்துவரச் சொல்லிப் படித்துப் பார்த்தார். “நிறுவைக்காரரே சொன்னதாகத்தானே இருக்கிறது? நீங்கள் ஏன் மனதைப் போட்டு உழப்பிக்கொள்கிறீர்கள்?” என்றார். என்னைத் தேற்றுவதாக அவருக்கு நினைப்பு. நான் எழுதிய வரி என்னை அவ்வளவு பத்திரமாகப் பாதுகாத்துக்கொண்டிருந்தது. காலை இழந்தவன் பேரில் பழி, எழுதியவனுக்குச் சால்வை. காலையில் மேலே ஏறும் ஜீப்பையாவது திரும்ப விட வேண்டும் என்று மன்றாடினேன். வாரத்துக்கு ஒரு நாள் விடலாம், சாமான் ஏற்ற அனுமதியும் தரலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். இன்றுவரை அந்த ஜீப் ஓடுகிறது. மேலே போய் வருகிறவர்கள் என்னைப் பற்றி நல்லவிதமாகச் சொல்கிறார்களாம், கேட்கும்போது உடம்பெல்லாம் கூசுகிறது.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். ஒரு வண்டியை நிறுத்துவதற்கு முன்னால் ஒரு வாரம் அதில் ஏறி மேலே போய் வாருங்கள். நோட்டை வீட்டில் வைத்துவிட்டு, தனியாகப் போங்கள். கேட்கிற கேள்விக்கு உண்மையைச் சொன்னால் யாருடைய சோற்றில் மண் விழும் என்று முதலில் யோசித்துவிட்டுக் கேளுங்கள். அந்த ஆளுக்கு ஒன்றும் ஆகாது என்று உங்களால் உத்தரவாதம் தர முடியாவிட்டால் கேட்காதீர்கள், கேட்டு எழுதிக்கொள்ளவும் செய்யாதீர்கள். இதையெல்லாம் உங்கள் கம்ப்யூட்டர் சொல்லாது. அதன் மேல் குற்றமில்லை, அது லயத்தில் பிறக்கவில்லை. நான் பிறந்தேன்.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

தோட்டத்தில் வேலை செய்கிறவருக்குத்தான் லயத்து வீடு. பேச்சிமுத்துவை வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். அந்த வீட்டிலிருந்து வேறொருவர் பெயர் தொழிலாளர் பதிவேட்டில் ஏறினால்தான் அவர்கள் அங்கே இருக்கலாம். ஒரு நாள் சுகன்யா என் ஆபீசுக்கு வந்தாள். கையில் ஒரு காகிதம்.

“அபேக்ஷை கொண்டாந்திருக்கேன் சார். இன்னார் மகதான், இந்த லயத்துலதான் இருக்கேன்னு நீங்க இதுல ஒரு ஒப்பு போட்டுத் தரணும்.”

விண்ணப்பத்தை அபேக்ஷை, கையெழுத்தை ஒப்பு என்று மலையாளம் கலந்துதான் எங்கள் பிள்ளைகள் பேசும். விண்ணப்பத்தைப் படித்துப் பார்த்தேன். கொழுந்து பறிக்கிற வேலைக்கு.

“படிப்பு என்னாச்சும்மா?”

“டி.சி. வாங்கியாச்சு சார்.”

“இன்னும் ஒரு வருஷம்தானே? கொஞ்சம் பொறு. நான் மேனேஜர்கிட்ட பேசிப் பாக்கறேன்.”

“இந்த மாசக் கடைசிக்குள்ள பேரு ஏறலன்னா வீட்டக் காலி பண்ணணும்னு நோட்டீஸ் வந்துருக்கு சார். ஒத்தக் காலோட அப்பாவ நான் எங்க கூட்டிட்டுப் போக?”

மேனேஜரிடம் இரண்டு தடவை பேசியாகிவிட்டது. விதியை மாற்ற அவருக்கு அதிகாரமில்லை. அது அவளுக்குத் தெரியாது. இன்னொரு விஷயமும் அவளுக்குத் தெரியாது என்பது அவள் முகத்தைப் பார்த்தபோதே விளங்கியது. பேச்சிமுத்து மகளிடம் என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

கையெழுத்துப் போட்டேன். அவள் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“ரொம்ப நன்றி சார். அப்பா சொல்லித்தான் விட்டாக. ‘அவன் இருக்கான், பாத்துக்கிடுவான், நீ பயப்படாம போ’ன்னு.”

அடுத்த திங்கட்கிழமை காலையில் வேலைக்கு ஆள் பெயர் வாசிக்கும்போது அவள் பெயரையும் கூப்பிட்டார்கள். நான் ஓய்வு பெறும்வரை தினமும் அவள் பறித்த கொழுந்து இரண்டு மணி நேரம் முன்னதாகவே என் பாக்டரிக்கு வந்து சேர்ந்தது. நடந்ததை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. முகம் தெரியாத உங்களிடம் முதலில் சொல்லிவிட்டேன், அவள் வீட்டு வாசலுக்குப் போய் நின்று சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.